நாற்பது நாள் கணக்கும் பால் மறுக்கும் பிள்ளையும்



பேறுகாலம் முடிந்து பெண் வீடு திரும்பியதும் நம் இல்லங்களில் ஒரு நாற்பது நாள் ஆட்சி தொடங்குகிறது. ஆட்சி செலுத்துபவர் வீட்டிலேயே மூத்த பெண்மணி. தாயும் சேயும் ஓர் அறைக்குள் இருத்தப்படுவர். வாசலுக்குத் திரை, மாலையில் சாம்பிராணிப் புகை, தாய்க்குப் பூண்டும் கருப்பட்டியும், பிள்ளைக்கு வசம்பும் உரைமருந்தும் என்று எல்லாவற்றுக்கும் முறை வகுக்கப்பட்டிருக்கும். நாற்பது குளித்து முடியும்வரை இருவரும் நிலைப்படி தாண்டலாகாது என்பது அந்த ஆட்சியின் தலையாய சட்டம். இதனை நான் இகழ்ந்து எழுதவில்லை. பிள்ளை பெற்ற உடலுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஊரார் கைக்குக் கை பிள்ளையை வாங்கிக் கொஞ்சுவதும் ஓரளவு தடைப்படுகிறது. நம் முன்னோர் அனுபவத்தால் கண்ட நன்மைகள் அதில் இருக்கவே செய்கின்றன.

ஆயினும், அந்தச் சட்டத்தைக் கணப்பொழுதும் தாமதியாமல் மீற வேண்டிய வேளை ஒன்று உண்டு. நேற்றுவரை முட்டி முட்டிப் பால் குடித்த பிள்ளை இன்று மார்பில் வாய் வைக்க மறுக்கிறது. அல்லது இரண்டு மிடறு உறிஞ்சிவிட்டுச் சோர்ந்து கண்ணை மூடிக்கொள்கிறது. உடல் சுடலாம்; சுடாமல் கை கால்கள் சில்லிட்டும் போகலாம். அழுகையின் ஒலி மாறிவிடுகிறது. பாட்டியார் இதனை மாந்தம் என்கிறார். பெரியம்மா கண்ணேறு என்கிறார். தாயத்துக்கு ஆள் அனுப்பப்படுகிறது. இப்படியே இரண்டு நாள் கழிகிறது. அந்த இரண்டு நாளில் பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கக்கூடும் என்பதைத் தாய்மாரும் பாட்டிமாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மூளையின் போர்வை

நம் மூளையும் முதுகுத் தண்டுவடமும் மெல்லிய உறைகளால் போர்த்தப்பட்டிருக்கின்றன. அந்த உறைகளுக்கு இடையே தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கிருமி அங்கே புகுந்து உறைகள் வீங்கிப் புண்ணாவதையே மருத்துவர்கள் மூளையுறை அழற்சி என்கின்றனர். மக்கள் வழக்கில் எல்லாமே ‘மூளைக் காய்ச்சல்’தான். அது பல வகையான கிருமிகளால் வரும். பிறந்து 28 நாள் நிறையாத பச்சிளங்குழந்தைகளிடம் நாம் பெரிதும் அஞ்ச வேண்டியது பாக்டீரியாவால் வருவதை. நாள் கணக்கில் அன்று, மணிக் கணக்கில் முற்றும் நோய் அது.

பெரியவர்களுக்கு இந்நோய் வந்தால் தலை பிளக்கும், வாந்தி எடுக்கும், கழுத்து விறைத்துக்கொள்ளும். பார்த்த மாத்திரத்தில் ஐயம் பிறந்துவிடும். பச்சிளங்குழந்தையிடம் அந்த வெளிப்படையான அடையாளங்கள் பெரும்பாலும் தோன்றுவதில்லை. அதன் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இணையவில்லை. உள்ளே அழுத்தம் கூடினாலும் எலும்புகள் விலகி இடம் கொடுக்கின்றன. உச்சிக்குழி புடைத்து நிற்பதைச் சிலர் அடையாளமாகக் கேட்டறிந்திருக்கலாம். அது உண்மையே, ஆனால் காலம் கடந்து வரும் அடையாளம். கழுத்து விறைக்கட்டும், உச்சி புடைக்கட்டும் என்று காத்திருப்பது, அடுப்படியில் பிடித்த தீ கூரையை எட்டட்டும் என்று காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அது முதலில் இரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து மூளையின் உறையை அடைகிறது. பிறந்த முதல் சில நாள்களில் வரும் நோய்க்குக் கிருமி பேற்றின்போதே தாயின் பிறப்புப் பாதையிலிருந்து ஒட்டியிருக்கும். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேலாகியும் பிள்ளை பிறவாதிருந்தாலோ, பேற்று வேளையில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலோ ஆபத்து மிகும். ஒரு வாரத்துக்குப் பின் வரும் நோய்க்குக் காரணம் பெரும்பாலும் தொட்டுத் தூக்கும் கைகளும், சுற்றுப்புறமும், மருத்துவமனைக் கருவிகளுமே. தாயின் உடலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கு மிகுதியாகச் சென்று சேர்கின்றன. குறைமாதப் பிள்ளை அந்தச் சீதனத்தைப் பெறாமலே உலகுக்கு வந்துவிடுகிறது. ஆகவே அதற்கு ஆபத்து பன்மடங்கு.

அமெரிக்கா போன்ற நாடுகளில் ‘பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்னும் கிருமியே இந்நோய்க்குத் தலையாய காரணம். அங்குக் கருவுற்ற பெண்களைப் பேற்றுக்குச் சில வாரங்களுக்கு முன்பே சோதித்து, கிருமி இருந்தால் பேற்று வேளையில் பென்சிலின் ஏற்றுகின்றனர். 1990-களில் தொடங்கிய இம்முறையால் முதல் வாரத்தில் வரும் நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் நாட்டின் நிலை வேறு. தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. இரத்தத்தில் கிருமி தொற்றிய பிள்ளைகளிடம் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ கோலை ஆகிய மூன்றுமே முன்னணியில் நின்றன. அவற்றில் பெரும் பகுதி, பல மருந்துகளுக்கும் ஒரு சேரக் கட்டுப்படாத முரட்டுக் கிருமிகள். மருந்துக் கடையில் யாரோ சொன்ன சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிப் பார்ப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். அந்த அரைகுறை மருந்து நோயைத் தீர்ப்பதில்லை. அடையாளத்தை மட்டும் மறைத்துவிட்டு, பின்னர் மருத்துவமனையில் கிருமியைக் கண்டறியவும் இயலாமற் செய்துவிடுகிறது.

மார்க்கம் வகுத்த நாற்பது எது?

‘நாற்பதுக்குள் பச்சை உடம்பை வெளியே கொண்டு போகலாமா?’ என்று கேட்கும் பெரியவர்கள் அதனை மார்க்கச் சட்டமென நம்பியே கேட்கின்றனர். ஓதிக் கொடுப்பவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி கூறும் கடமை எனக்கு இருக்கிறது.

நிஃபாஸ் என்பது பேற்றுக்குப் பின் வரும் உதிரப்போக்கு. ஹனஃபி மத்ஹபில் அதன் அதிகபட்சக் காலம் நாற்பது நாள். ஷாஃபியீ மத்ஹபில் அறுபது நாள். குறைந்தபட்சம் என்று நாள் கணக்கு ஏதுமில்லை. உதிரம் பதினைந்தாம் நாள் நின்றுவிட்டால் பதினைந்தாம் நாளே குளித்துத் தொழ வேண்டியதுதான். ஆக, நாற்பது என்பது தொழுகைக்கும் நோன்புக்கும் உரிய கணக்கு. அந்தக் காலத்தில் பெண் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்றோ, பிள்ளையை மருத்துவரிடம் காட்டக் கூடாது என்றோ ஃபிக்ஹு நூல்களில் எந்த விதியும் கிடையாது. நாற்பது நாள் வரை தொழாதிருக்கும் பெண்கள் சிலர், பதினைந்தாம் நாள் தூய்மையான பின்னும் தொழாதிருக்கின்றனர். அதே நாற்பதைக் காட்டிப் பிள்ளைக்கு மருத்துவமும் மறுக்கப்படுகிறது. ஒரே தவறான கணக்கால் வணக்கத்துக்கும் இழப்பு, பிள்ளைக்கும் இழப்பு.

‘விதிப்படி நடக்கும்’ என்பாரும் உளர். உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுப் பயணத்தில் ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்தபோது, முன்னே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. தோழர்களைக் கலந்து ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் மறுமொழி கூறியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பணித்துள்ளார்கள். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. தாராளமாக ஓதுங்கள், மருத்துவமனைக்குச் செல்லும் வண்டியில் அமர்ந்துகொண்டு ஓதுங்கள்.

கேளாத செவி

எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுள் ஒரு சிறுவனுக்கு நான் முன் வரிசையில் இடம் கொடுத்திருக்கிறேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அலிஃப் என்பதையும் லாம் என்பதையும் உதட்டசைவாலும் நாக்கு மேலே தொடுவதாலும் அறிகிறான். காஃபையும் காவையும் வேறுபடுத்தி அறிய அவனால் இயலவில்லை. அவை தொண்டைக்கு அருகே பிறப்பவை, கண்ணுக்குத் தெரியா. பிறந்த பன்னிரண்டாம் நாள் அவன் பால் குடிப்பதை நிறுத்தியிருக்கிறான். மூன்று நாள் மாந்த மருந்து உரைத்து ஊற்றியிருக்கின்றனர். நான்காம் நாள் வெட்டு வந்த பிறகே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றிருக்கின்றனர். உயிர் பிழைத்தது இறைவனின் கருணை. செவி போய்விட்டது.

அவனுடைய பாட்டியார் ஒரு நாள் என்னிடம், “அஜ்ரத்து, பாங்கு சொன்ன காதாச்சே, அது எப்படி அடைச்சுப் போகும்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு என் மறுமொழிக்கு நில்லாமல் பேரனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றுவிட்டார்.

மூளையுறை அழற்சியிலிருந்து பிழைக்கும் பச்சிளங்குழந்தைகளுள் ஐந்தில் ஒருவருக்கேனும் ஏதோ ஒரு குறை நிலைத்துவிடுகிறது. செவிட்டுத்தன்மை, அடிக்கடி வரும் வலிப்பு, கை கால் விறைப்பு, கற்கும் ஆற்றலில் பின்னடைவு, தலையில் நீர் கோத்தல் என அவை பல. மருந்து எவ்வளவு விரைவில் உடலில் ஏறுகிறதோ அவ்வளவுக்கு இந்தக் குறைகளைத் தவிர்க்கும் வாய்ப்பு மிகும். நோய் தீர்ந்து வீடு திரும்பும் பிள்ளைக்கும் செவிச் சோதனையை நாள் கடத்தாமல் செய்துவிட வேண்டும். உள்செவியில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குச் செய்யப்படுகிறது. ஆனால் இந்நோயால் பழுதுபட்ட உள்செவி சில மாதங்களிலேயே எலும்பாக இறுகிவிடக்கூடும். இறுகிய பின் கருவியைப் பொருத்துவது கடினம். ‘பேச்சு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று இரண்டு வயது வரை விட்டுவிடுவோர் இதை அறியமாட்டார்கள்.

கட்சிரோலி காட்டிய வழி

பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வராது என்னும் நிலை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்குக் கோடியில் காடடர்ந்த கட்சிரோலி மாவட்டம் இருக்கிறது. டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் 1980-களின் பிற்பகுதியிலிருந்து அங்குப் பணியாற்றி வருகின்றனர். 1995-96-இல் அவர்கள் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை வீட்டுக்கு வீடு கவனிக்கச் செய்தனர். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு முதல் 28 நாளில் மருத்துவ உதவி தேவைப்பட்டது. அந்த உதவியைப் பெற்றவர்களோ நூற்றுக்கு மூவரினும் குறைவு.

பிள்ளை மருத்துவரிடம் வாராவிடில் அறிவு பிள்ளையிடம் செல்லட்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். 39 கிராமங்களில் ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்து பயிற்சி அளித்தனர். ஓரளவே படித்த கிராமத்துப் பெண்கள் அவர்கள். பிறந்த வீட்டுக்குக் குறித்த நாள்களில் சென்று பிள்ளையின் எடை, சூடு, மூச்சு, பால் குடிக்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்தனர். கிருமித் தொற்றின் அடையாளம் தெரிந்தால், பெற்றோர் மருத்துவமனைக்குச் செல்ல மறுத்த நிலையில், வீட்டிலேயே ஊசி மருந்து போடவும் கற்றிருந்தனர். தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 62 பச்சிளங்குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த அக்கிராமங்களில், 1997-98-இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 25 ஆகக் குறைந்தது. 1999-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளிவந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. பின்னர் 2011-இல் நம் நாடெங்கும் தொடங்கப்பட்ட வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைக் கவனிப்புத் திட்டத்துக்கு இதுவே முன்மாதிரி.

வீட்டில் ஊசி போட்டது, வேறு வழியே இல்லாத காட்டூரின் நிலை. மூளையுறை வரை நோய் சென்ற பிள்ளைக்கு மருத்துவமனையைத் தவிர வேறு இடமில்லை. கட்சிரோலியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. படிப்புக் குறைந்த பெண்ணொருத்தி, கையில் ஒரு வெப்பமானியும் கடிகாரமும் வைத்துக்கொண்டு, மருத்துவர் வருமுன்பே நோயை இனம் கண்டாள். அதனை நம் வீட்டுப் பாட்டியார் கற்க இயலாதா?

வீட்டிலேயே காணக்கூடிய குறிகள்

எல்லாக் குறிகளிலும் முதலிடம் பால் மறுப்புக்குத்தான். பச்சிளங்குழந்தை இரவும் பகலும் தூங்குவது இயல்பே. ஆனால் பால் குடிக்கும் வேளை வந்தும் எழாமல், உள்ளங்காலை விரலால் சுண்டினாலும் சிணுங்கிவிட்டு மீண்டும் சோர்ந்தால் அது தூக்கமன்று. துள்ளி அசைந்துகொண்டிருந்த பிள்ளை, தொட்டால் மட்டும் அசைகிறது அல்லது துவண்டு கிடக்கிறது என்றால் நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

காய்ச்சலைக் கைவைத்துப் பார்ப்பதோடு நில்லாமல் வெப்பமானியை அக்குளில் வைத்துப் பாருங்கள். 99.5 பாரன்ஹீட்டை எட்டினாலோ, 95.9-க்குக் கீழே இறங்கினாலோ ஆபத்து. சூடு இறங்குவதும் நோயே என்பதைப் பலர் அறியார். ‘உடம்பு குளுமையாகத்தானே இருக்கிறது’ என்று ஆறுதல் அடைவர். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐ எட்டினால் சற்றுப் பொறுத்து மறுபடியும் எண்ணுங்கள். மீண்டும் அதே எண்ணிக்கை வந்தாலும், மூச்சு வாங்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும் காத்திருக்கலாகாது. வலிப்பு பெரியவர்களுக்கு வருவதுபோல் வாராது. ஒரு கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும். வாய் எதையோ சப்புவதுபோல் ஓயாமல் அசையும். ஒரு கை மட்டும் தாளம் போடுவதுபோல் துடிக்கும். இதைப் பார்த்து ‘பிள்ளை மலக்குகளோடு சிரிக்கிறது’ என்று மகிழ்ந்தவர்களை நான் அறிவேன். இன்னொன்று, அழும் பிள்ளை தூக்கி அணைத்தால் அடங்குவதுதான் வழக்கம். தூக்கத் தூக்க அழுகை கூடி, கீச்சென்ற மெல்லிய குரலில் ஓயாது அழுதால் அதுவும் ஐயத்துக்குரியதே.

இவற்றுள் ஒன்று தென்பட்டாலே போதும். அது மூளையுறை அழற்சியாக இல்லாமல் வேறொன்றாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை.

முதுகில் போடும் ஊசி

இந்நோயை உறுதி செய்ய ஒரே வழி, உறைகளுக்கிடையே ஓடும் நீரில் சிறிதளவை எடுத்துச் சோதிப்பதுதான். 1891-இல் குவிங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் இம்முறையைக் கண்டார். இடுப்புக்கு அருகே, முதுகெலும்புகளின் இடுக்கில் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சில சொட்டுகளை எடுப்பார்கள். நம் மக்கள் இதற்கு அஞ்சி நடுங்குகின்றனர். ‘முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமற் போய்விடும்’ என்னும் பேச்சு ஊருக்கு ஊர் இருக்கிறது. கையெழுத்துப் போட மறுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் தந்தையரும் உண்டு.

ஊசி செலுத்தும் இடத்தில் தண்டுவடம் இல்லை. அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. கீழே நீரும் நரம்பு இழைகளும் மட்டுமே. அப்படியானால் அந்தப் பேச்சு எப்படிப் பிறந்தது? கடும் நோய் கண்ட பிள்ளைகளுக்கே இந்த ஊசி போடப்படுகிறது. அவர்களுள் சிலருக்கு நோயின் காரணமாகவே பின்னர்க் கை கால் பழுதுபடுகிறது. நோய் கண்ணுக்குத் தெரியவில்லை, ஊசி தெரிந்தது. பழி ஊசியின் மேல் விழுந்தது.

ஊசி மருந்து இரத்தக் குழாய் வழியாகக் குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலும் மூன்று வாரம் ஏற்றப்பட வேண்டும். இதுவே குடும்பங்கள் தடுமாறும் இரண்டாவது இடம். ஐந்தாறு நாளில் பிள்ளை கண் விழித்துப் பால் குடிக்கத் தொடங்கும். இலவங்காய் பறிக்கும் காலமாக இருக்கும், தோட்டத்தில் ஆள் தேவைப்படும், வீட்டில் மற்ற பிள்ளைகள் இருப்பர். ‘தேறிவிட்டதே, போகலாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிடுவர். பிள்ளை தேறியிருக்கும், கிருமி முற்றும் அழிந்திருக்காது. திரும்பவும் தாக்கினால் முன்னிலும் கடுமையாக இருக்கும். ஜமாஅத்தார் இவ்விடத்தில் உதவலாம். மூன்று வாரம் மருத்துவமனையில் இருக்கும் தாய்க்கு ஒரு வேளைச் சோறும், வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் ஏற்பாடு செய்வது பெருஞ்செலவன்று.

பிறந்த வீட்டு வழக்கங்கள்

காதில் பாங்கு சொல்வதற்காகவே பிள்ளையை அவசர அவசரமாகக் குளிப்பாட்டுகின்றனர். குளிப்பாட்டினால்தான் பாங்கு சொல்லலாம் என்னும் நிபந்தனை இல்லை. ஈரம் போகத் துடைத்துத் துணியில் பொதிந்து சொன்னாலே போதும். முதல் ஒரு நாள் குளிப்பாட்டாதிருப்பதே பிள்ளையின் உடற்சூட்டுக்கு நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

தஹ்னீக் பற்றிப் பலர் கேட்கின்றனர். அஸ்மா (ரலி) அவர்கள் குபாவில் ஈன்ற அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று வாயில் தடவியது நன்கறிந்த நிகழ்ச்சி. அது விரும்பத்தக்க செயல்; கட்டாயக் கடமையன்று. அதனைச் செய்ய விரும்புவோர், உடல்நலமுள்ள ஒருவரைக் கொண்டு, சோப்பிட்டுக் கழுவிய விரலால், கண்ணளவு பழக்குழம்பை ஒரு முறை தடவுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும். குறைமாதப் பிள்ளைக்கும் நோயுற்ற பிள்ளைக்கும் மருத்துவரைக் கேளாமல் எதுவும் வேண்டா. தேன் கூடவே கூடாது. தேனின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓராண்டு நிறையாத பிள்ளையின் குடலில் தேனிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்து முளைத்துத் தசைகளை முடக்கிவிடும். ஜம்ஜம் நீரின் பரக்கத்தில் நமக்கு ஐயமில்லை. பல மாதம் அடைத்துவைத்து, பல கைகள் திறந்து மூடிய கேனிலிருந்து பச்சிளங்குழந்தையின் வாயில் ஊற்ற வேண்டும் என்று மார்க்கம் கேட்கவில்லை. தாய் அதனைப் பருகட்டும். பிள்ளைக்குச் சீம்பாலே போதும். கிருமியை எதிர்க்கும் பொருள்கள் அதில் செறிந்திருக்கின்றன.

தொப்புள் கொடியில் சாம்பல், மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் தடவாமல் காய்ந்து விழ விடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவதை அறவே நிறுத்துங்கள். ஏழாம் நாள் முடி இறக்கப் புதிய பிளேடு வேண்டும் என்று நாவிதரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பிள்ளை சுகமில்லாதிருந்தால் அகீகாவைப் பதினான்காம் நாளோ இருபத்தொன்றாம் நாளோ வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பார்க்க வருவோர் தொலைவிலிருந்து துஆச் செய்துவிட்டுப் போகட்டும். உளூச் செய்யாமல் குர்ஆனைத் தொடாத நாம், கை கழுவாமல் ஏழு நாள் பிள்ளையைத் தொடுகிறோம்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு சொல். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, குழந்தைகளுக்குக் காசநோய்க் கிருமியால் வரும் மூளையுறை அழற்சியிலிருந்து காப்பளிக்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ஐந்து நோய்த் தடுப்பூசியும், 2021-இல் சேர்க்கப்பட்ட நிமோகாக்கல் தடுப்பூசியும் மூளையுறை அழற்சி உண்டாக்கும் வேறு இரு கிருமிகளைத் தடுக்கின்றன. ஆனால் அவை ஆறாவது வாரத்தில், அதாவது 42-ஆம் நாளில்தான் தொடங்குகின்றன. நாற்பது முடிந்து பிள்ளை முதன்முதலாக நிலைப்படி தாண்டும் பயணம் அந்த ஊசிக்காகவே அமையட்டும். அதுவரையுள்ள நாள்களுக்கு நம் கண்ணும் கைத் தூய்மையுமே காவல்.

மயிலாடும்பாறையிலிருந்து க.விலக்கு வரை

எங்கள் பகுதியை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தேனி-மதுரைச் சாலையில் க.விலக்கு என்று சுருக்கிச் சொல்லப்படும் கண்டமனூர் விலக்கிலிருந்து ஒரு சாலை தெற்கே பிரிகிறது. கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று மூல வைகையை ஒட்டி அது மலையடிவாரம் நோக்கிச் செல்கிறது. அதற்கும் அப்பால் அரசரடி, வெள்ளிமலை போன்ற காட்டுக் குடியிருப்புகள். முன்பெல்லாம் கடும் நோயுற்ற பிள்ளையை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. 2004-இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி வந்த பின்னர், அந்தச் சாலை பிரியும் க.விலக்கிலேயே பெரிய மருத்துவமனை அமைந்திருக்கிறது. வழியிலுள்ள சுகாதார நிலையங்களில் முதல் ஊசியைப் போட்டு அனுப்பவும் இயலும். 108 வண்டி 2008 முதல் ஓடுகிறது. பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனி வசதி கொண்ட வண்டிகளும் அதில் உண்டு. நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, சோதனை, வண்டி யாவும் கட்டணமின்றி என்பது 2011 ஜூன் முதல் நடுவண் அரசின் திட்டம். முதலில் 30 நாள் குழந்தைகளுக்கு என்றிருந்தது, பின்னர் ஓராண்டு வரை நீட்டிக்கப்பட்டது. பணம் புரட்டுவதற்காகப் பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

வண்டியில் செல்லும்போது பிள்ளை குளிர்ந்துவிடாதிருக்க வேண்டும். குல்லாயும் காலுறையும் போட்டு, தாயின் நெஞ்சோடு நெஞ்சாக, தோலில் தோல் படும்படி அணைத்து மேலே போர்வை போர்த்துங்கள். தாய்க்கு இயலாவிட்டால் தந்தை தம் சட்டைக்குள் அவ்வாறே வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கமில்லை. குடிக்கும் நிலையில் இருந்தால் வழியிலும் பால் கொடுக்கலாம். மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். தாய் சேய் நல அட்டையை மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த எடை அதில் எழுதப்பட்டிருக்கும். ஏற்கனவே ஏதேனும் மருந்து ஊற்றியிருந்தால், அது உரைமருந்தே ஆனாலும், ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பிள்ளை கடைசியாக நன்கு பால் குடித்தது எத்தனை மணிக்கு என்பதை வீட்டிலுள்ள எவரேனும் ஒருவர் குறித்து வைத்திருக்க வேண்டும். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.